இருபதாம் தேதி வந்த பதினான்கு பேர்

என் நாட்குறிப்பில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மூன்று தேதிகள் இருக்கும். முதலில் இங்கிலீஷ் தேதி, அடுத்து திருவிதாங்கூர்ப் பஞ்சாங்கத்தின் மலையாளத் தேதி, கடைசியில் திருநெல்வேலிப் பஞ்சாங்கத்தின் தமிழ்த் தேதி. இதைக் கிறுக்கு என்று ஊரில் சிரிப்பார்கள். கிறுக்கு இல்லை, உத்தியோகம். பேச்சிப்பாறை அணையிலிருந்து வரும் கால்வாயில், எங்கள் ஊர் மதகருகே நிற்கும் அளவுகோலைக் காலை ஆறு மணிக்குப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. மேலதிகாரிக்கு இங்கிலீஷ் தேதி வேண்டும். பதிவேட்டுக்கு மலையாளத் தேதி வேண்டும். சில வயல்காரர்களுக்குத் தமிழ்த் தேதி சொன்னால்தான் புரியும். மூன்றையும் எழுதிவிட்டால் யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம் என்று நினைத்தவன் நான். அந்த நினைப்பு ஒரு பந்தாட்டத்தில் கெட்டது.

பந்து நான் ஆடியதில்லை. பார்ப்பேன். இருபது வருஷத்துக்கு மேலாக, எங்கள் பக்கத்தில் நடந்த ஆட்டங்களை எல்லாம் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். எந்த நிமிஷத்தில் கோல் விழுந்தது, யார் அடித்தார், மழை உண்டா இல்லையா என்பது வரைக்கும் உண்டு. பார்க்க வருகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நில்லுங்கள் என்றால் கோட்டின் மேல் நிற்பார்கள். கோட்டை அழித்துவிட்டுப் பந்து வெளியே போனதா இல்லையா என்று என்னிடமே கேட்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைக் குறை சொல்லாத தோற்ற அணியை நான் இதுவரை கண்டதில்லை. முதல் பாதியில் எதிரணிக்கும் அதே காற்றுதானே அடித்தது என்று கேட்டால், நம்மைத் துரோகி மாதிரி பார்ப்பார்கள்.

வாசகசாலையில் ரேடியோ வந்த பிறகு எரிச்சல் இன்னும் கூடியது. கிரிக்கெட் வர்ணனை கேட்க நான் போய் உட்கார்ந்தால், பத்து நிமிஷத்துக்கு ஒருவர் வந்து "யாரு ஜெயிச்சா?" என்பார். ஐந்து நாள் ஆட்டத்தின் இரண்டாம் நாள் அது. பொறுமையாக விளக்கி முடித்ததும், "அப்போ அஞ்சு நாளு ஆடியும் ஜெயம் தோல்வி இல்லாம போலாமா? இதுக்கு எதுக்கு வேய் வெயில்ல நிக்கணும்?" என்று சொல்லிப் பாட்டுக்குத் திருப்பிவிடுவார். பத்திரிகையும் அப்படித்தான். மலையாளப் பத்திரிகை மேஜைக்கு இந்தப் பக்கம், தமிழ்ப் பத்திரிகை அந்தப் பக்கம். இரண்டு கட்சியும் தலையங்கத்துக்காக அடித்துக்கொள்ளும். விளையாட்டுச் செய்தி வந்த தாளில் மட்டும் யாராவது வடை வைத்துத் தின்றிருப்பார்கள். இதில் இரு மொழிக்காரரும் ஒற்றுமை.

அந்த ஆண்டுகளில் எல்லாவற்றிலும் அரசியல்தான். எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர இன்னும் இரண்டரை வருஷம் இருந்தது. எனக்கும் சேர வேண்டும் என்ற ஆசைதான். ஊர்வலத்தில் நடந்தும் இருக்கிறேன். ஆனால் ஆப்சைடுக்கும் எல்லைப் பிரச்சினைக்கும் என்ன சம்பந்தம் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் பந்தாட்டக் குழுவின் செயலாளருக்கு விளங்கியிருந்தது. அவர் சந்தைமுக்கில் இரும்புக் கடை வைத்திருந்தவர். நல்ல உழைப்பாளி, சத்தமான மனிதர். நமக்கு எதிராக விசில் ஊதினால், அது திருவனந்தபுரத்திலிருந்து வந்த உத்தரவு என்பார். நமக்குச் சாதகமாக ஊதினால், நம் போராட்டத்துக்குப் பயந்துவிட்டான் என்பார்.

எங்கள் குழு வருஷாவருஷம் ஒரு வெள்ளிக் கோப்பைக்குப் போட்டி நடத்தி வந்தது. கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, அடுத்த விதைப்புக்கு உழவு தொடங்கும் வரை வயல் காய்ந்து கிடக்கும். அந்த இடைவெளியில், ஊருக்குக் கிழக்கே ஒரு பெரிய வயலில் நெல்தாளை வெட்டி உருளை போட்டு மைதானமாக்குவோம். கமுகு மரத்தில் கோல் கம்பம், பழைய மீன் வலையில் கோல் வலை. விதி ஒன்று உண்டு: தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயிக்கிற அணி கோப்பையை வீட்டுக்கே கொண்டு போகலாம். தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கடற்கரை அணி இரண்டு வருஷம் தொடர்ந்து ஜெயித்திருந்தது. மூன்றாம் வருஷம் இறுதி ஆட்டம் அவர்களுக்கும் எங்கள் ஊருக்கும்.

அந்த அணியின் தலைவர் முப்பது வயதைத் தாண்டிய மீன்பிடிக்காரர். அரையிறுதி முடிந்த அன்று என்னிடம் வந்து, "சாரே, கப்புக்கு எவ்வளவு ஒசரம் உண்டு?" என்று கேட்டார். ஒரு அடி இரண்டே கால் அங்குலம் என்று சொன்னேன். தங்கள் ஊர் வேதக்கோவில் வாசகசாலையில் கண்ணாடி அலமாரி ஒன்று செய்யக் கொடுத்திருப்பதாகவும், தட்டின் உயரத்தை ஆசாரி கேட்கிறார் என்றும் சொன்னார். இந்த வருஷம் கழிந்தால் முட்டி தாங்காது, இதுதான் தமக்குக் கடைசி ஆட்டம் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். உயரத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்த ஒரு மனிதரிடம் கேட்டாரே என்று அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இறுதி ஆட்டத்துக்கான நோட்டீஸை எழுதியவன் நான். இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களில், சூரியன் மேஷ ராசிக்குப் போகும் நேரம் மத்தியானத்துக்குப் பிறகு, அஸ்தமனத்துக்கு முன்பு விழும். தமிழ்ப் பஞ்சாங்கத்துக்கு அன்றைக்கே சித்திரை பிறந்துவிடும். திருவிதாங்கூர்ப் பஞ்சாங்கத்துக்கு மறுநாள்தான் மேடம் பிறக்கும். அந்த வருஷம் அப்படித்தான். செயலாளர் வீட்டில் வருஷப் பிறப்புப் பாயசம் வைத்த மறுநாள் எங்கள் வீட்டில் விஷுக்கனி பார்த்தோம். மாதம் முழுவதும் இரண்டுக்கும் ஒரு நாள் வித்தியாசம். அதனால் நோட்டீஸில் மூன்று வரி எழுதினேன். முதல் வரியில் மேடம் பத்தொன்பது. இரண்டாம் வரியில் சித்திரை இருபது. மூன்றாம் வரியில் இங்கிலீஷ் தேதியும் ஞாயிற்றுக்கிழமை என்பதும்.

செயலாளர் அச்சகத்தில் முதல் வரியை அடித்து நீக்கினார். மேடம் மலையாளத்தான் மாதம். மூன்றாம் வரியையும் அடித்தார். அது வெள்ளைக்காரன் தேதி. கிழமை அந்த வரியோடு போயிற்று. சித்திரை இருபது மட்டும் நின்றது.

அச்சுப் பிழை பார்க்க வேண்டியது என் பொறுப்பு. மறுநாள் மத்தியானம் அச்சகத்துக்குப் போனேன். பார்த்தவுடனே புரிந்துவிட்டது. கடற்கரை அணி இருந்த மேற்குத் தாலுகாக்களில் சித்திரை என்றாலும் மேடம் என்றாலும் ஒன்றுதான். பெயரைத் தமிழில் சொல்லி நாளைத் திருவிதாங்கூர்ப் பஞ்சாங்கத்தில் எண்ணுவார்கள். அவர்களுடைய இருபதாம் தேதி எங்கள் ஆட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். அதற்கு இரண்டு நாள் முன்பு, குழுக் கூட்டத்தில், வடக்குக் கோல் கம்பம் மூன்று அங்குலம் குட்டை என்று நான் சொன்னேன். உடனே செயலாளர், "கால்வாயில தண்ணி அளந்தது போதாதுன்னு கோலையும் அளக்க வந்துட்டீராக்கும். பந்துக்குள்ள எத்தனை மூச்சு காத்து இருக்குன்னும் எண்ணிச் சொல்லும் வேய்" என்றார். கூட்டம் சிரித்தது. இனி யாருக்கும் எதையும் திருத்துவதில்லை என்று வீராப்பாக வந்திருந்தேன். ஆகவே இரண்டு எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி, ஓரத்தில் ஒப்புப் போட்டுவிட்டு வந்தேன். அன்றைய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "நோட்டீஸில் மலையாளத் தேதியும் கிழமையும் இல்லை. மேற்கே குழப்பம் வரலாம். வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். நாலரை மணிக்கு ஆட்டம். விசில் ஊத வந்த டிரில் மாஸ்டர் நாலு மணிக்கே தயார். எங்கள் அணி தயார். கடற்கரை அணி வரவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் கோட்டின் மேல் நின்றுகொண்டு சாலையைப் பார்த்தார்கள்.

"பயந்துட்டானுவ" என்றார் செயலாளர்.

"தேதியில குழப்பம் இருக்கும்" என்றேன் மெதுவாக. "மேற்க இருபதுன்னா நாளைக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நோட்டீசுல ஒப்புப் போட்டது யாரு? நீருதானே? அப்போ கண்ணு எங்கன போச்சு?"

அரை மணி பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு டிரில் மாஸ்டர் விசில் ஊத, எங்கள் ஆட்கள் பதினொரு பேரும் ஆளில்லாத பாதிக்குள் பந்தைத் தட்டிக்கொண்டு போய், ஆளில்லாத கோலில் போட்டார்கள். வராத அணிக்கு எதிராக ஜெயிப்பதற்கு அதுதான் முறை. முதல் உதை கோலுக்கு வெளியே போயிற்று என்பதையும் எழுதிவிடுகிறேன். இரண்டாவதுதான் விழுந்தது. மேளம் அடித்தார்கள். முடிவுப் புத்தகத்தில் கடற்கரை அணியின் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதினேன். கோப்பை இரும்புக் கடைக்குப் போயிற்று.

மறுநாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்றரை மணிக்கு மைதானத்துக்குப் போனேன். வயல்காரர் ஞாயிறு வரைதான் விட்டுத் தந்திருந்தார். காலையிலேயே, புழுதியில் விதைக்கும் பொடி விதைப்புக்கு ஏர் பூட்டிவிட்டார். வடக்குப் பாதி உழுதாகிவிட்டது. குட்டைக் கம்பம் பிடுங்கி வரப்பில் கிடந்தது. தெற்குப் பாதிதான் பாக்கி. சாலையில் பஸ் நின்றது. பதினான்கு பேர் இறங்கினார்கள். புதிதாக நீலம் முக்கிய பனியன்கள். தலைவர் கையில் பந்து.

உழவைப் பார்த்துவிட்டு அவர்கள் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். தலைவர் என்னிடம் வந்தார்.

"சாரே, கிரவுண்டு மாத்தியாச்சா?"

"ஆட்டம் நேத்து" என்றேன்.

"நேத்து ஞாயிறாச்சயல்லோ. நோட்டீசுல இருபதுன்னு உண்டு. திங்களாச்ச வச்சது நல்லதுன்னு எங்க பங்குச் சாமியாரும் சொன்னாரு, பூசைக்கு முடக்கம் இல்லேன்னு." மடித்து வைத்திருந்த நோட்டீஸை எடுத்துக் காட்டினார். "இன்னைக்கு இருபது தானே?"

"உங்களுக்கு இன்னைக்கு. எங்களுக்கு நேத்து."

பின்னால் நின்ற ஒருவர், "நாங்க வரல்லேன்னு எழுதிட்டினுமோ?" என்று கேட்டார்.

எழுதியது யார் என்று சொன்னேன். நோட்டீஸில் பிழையைப் பார்த்தும் வாய் மூடி வந்தவன் யார் என்பதையும் சொன்னேன். தலைவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பந்தை வரப்பில் வைத்துவிட்டு, "கப்பு எங்கன இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

இரும்புக் கடைக்குப் போனோம். கோப்பை கல்லாவுக்கு மேலே, ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே இருந்தது. செயலாளர் எழுந்து நிற்கவில்லை.

"சித்திரை இருபதுன்னு போட்டிருக்கு. சித்திரை இருபது நேத்துதான். சுவத்துல காலண்டர் தொங்குது, பாத்துக்கிடுங்க" என்றார்.

"எங்கூர்ல இன்னைக்குத்தான் சித்திரை இருபது" என்றார் தலைவர்.

"உங்கூரு எந்த நாட்டுல இருக்கு?"

தலைவர் சிரித்தார். "மாசி மாசம் ஓட்டுக் கேட்டு எங்க கடப்புறத்துக்கு வந்தியளே, அண்ணாச்சி. நம்ம எல்லாம் ஒரே தமிழ்நாடுன்னு மைக்குல பேசினது நீங்கதானே? நாங்களும் ஓட்டுப் போட்டோமே. அது மாத்திரம் ஒரே நாடு, தேதி மாத்திரம் வேறயோ?"

கடையில் ஆணி வாங்க நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். செயலாளருக்கு முகம் சிவந்தது. "அதுவும் இதுவும் ஒண்ணா? இப்போ மலையாளத் தேதியை ஒத்துக்கிட்டா, நாளைக்கு அவன் சட்டசபையில எழுந்து, பாருங்க, இவங்க மலையாளப் பஞ்சாங்கம் பாக்குற ஆளுங்கன்னு சொல்லுவான். இது உங்களுக்குப் புரியாது."

"எனக்குப் பந்துதான் புரியும்" என்றார் தலைவர். "ஆடிப் பாப்போம். தோத்தா பேசாம பஸ்சு ஏறுகோம்."

"கிரவுண்டே இல்லை வேய்."

"பாதி இருக்கு" என்றேன் நான்.

வயல்காரர் நல்லவர். "அஞ்சரை வரைக்கும் மாட்டை அவுத்து விடுகேன். அதுக்கு மேல ஒரு நிமிசம் கிடையாது, ஆமா" என்றார். எங்கள் ஆட்களைத் தேடிப் பிடித்தோம். ஒருவர் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார், ஒருவர் சலூனில் பாதி சவரத்தில் இருந்தார். ஏழு பேர் தேறினார்கள். அவர்களும் ஏழு பேரை இறக்கினார்கள். பாதி வயலை அகலவாக்கில் திருப்பி, நான்கு கமுகுத் துண்டுகளை நட்டோம். டிரில் மாஸ்டர் காலை பஸ்சிலேயே ஊருக்குப் போய்விட்டதால், விசில் என்னிடம் வந்தது. வாழ்நாளில் நான் ஊதிய ஒரே ஆட்டம் அதுதான். ஆட்டம் பாதிக்கு இருபது நிமிஷம். கைக்கடிகாரத்தை இடது கையில் பிடித்தபடி ஓடினேன். முதல் பத்து நிமிஷத்திலேயே, எங்கள் ஊர்க்காரர் கையால் தட்டியதற்குப் பெனால்டி கொடுத்தேன். வரப்பில் கைகட்டி நின்ற செயலாளர், "இதுவும் திருவனந்தபுரத்து விசில்தான்" என்றார். இரண்டு ஊதலுக்கு முன்பு வரை நான் அவர் பக்கத்துத் தமிழன்.

தலைவரின் முட்டி நிஜமாகவே மோசம். ஓடவில்லை, நின்ற இடத்திலிருந்தே பந்தைப் பிரித்துக் கொடுத்தார். இரண்டாவது கோலை மட்டும் அவரே அடித்தார். அடித்த வேகத்தில் உழவுக்குள் போய் விழுந்து, புழுதியோடு எழுந்து வந்தார். மூன்றுக்கு ஒன்று. ஐந்து இருபத்தெட்டுக்கு முடித்தேன். எங்கள் ஏழு பேரும் அவர்களுக்குக் கை கொடுத்தார்கள். இதை எழுதக் காரணம், அன்று ஆடியவர்களில் ஒருவருக்கும் தேதியைப் பற்றிச் சந்தேகம் இருக்கவில்லை என்பதுதான்.

முடிவுப் புத்தகத்தில் "வரவில்லை" என்பதை அடித்து, மூன்றுக்கு ஒன்று என்று எழுதி, மூன்று தேதியும் போட்டுக் கையெழுத்திட்டேன். செயலாளர் அன்றே புத்தகத்தை வாங்கிக்கொண்டார். குழு கூடித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். தலைவரும் ஆட்களும் கடைசி பஸ்சுக்குப் போனார்கள். "கூட்டத்துல சொல்லுவீங்களா சாரே?" என்று கேட்டார். சொல்வேன் என்றேன்.

வியாழக்கிழமை குழு கூடியது. நான் நாட்குறிப்பைக் கொண்டு போனேன். நோட்டீஸில் நடந்த திருத்தம், நான் பார்த்தது, சொல்லாமல் வந்தது எல்லாவற்றையும் வாசித்தேன். "வரட்டும்" என்ற கடைசிச் சொல்லையும் விடவில்லை. உண்மையை அப்படியே வைத்தால் குழு நியாயத்துக்கு வரும் என்று நினைத்தேன். நான் உட்கார்ந்ததும் செயலாளர் எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"கேட்டியளா? பிழை யாருடையதுன்னு அவரே எழுதி வச்சிருக்காரு. குழு மேல பிழை இல்லை."

தீர்மானம் நிறைவேறியது. நோட்டீஸைச் சரிபார்த்தவரின் கவனக்குறைவால் ஒரு அணி தாமதமாக வந்தது. அதற்காகக் குழு வருந்துகிறது. ஞாயிற்றுக்கிழமை முடிவு செல்லும். திங்கட்கிழமை நடந்தது நட்பு ஆட்டம். எதிர்த்துக் கையைத் தூக்கியவன் நான் ஒருவன். தீர்மானத்தை எழுதச் சொன்னதும் என்னிடம்தான். என் கையெழுத்து நன்றாக இருக்குமாம்.

வைகாசியில் ஒரு நாள் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கால் தாங்கித் தாங்கி நடந்தார். காப்பி குடித்துவிட்டு, "ஜெயிச்சோம்னு ஒரு காயிதம் எழுதித் தருவியளா?" என்று கேட்டார். நல்ல தாளில் எழுதினேன். அணிகள், ஆடிய பதினான்கு பேரின் பெயர், கோல் விழுந்த நிமிஷங்கள், தலையில் மூன்று தேதிகள், அடியில் விசில் ஊதியவன் என்ற முறையில் என் கையெழுத்து. அவர் தாளை இரண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"மேல மூணு தேதி எதுக்கு சாரே?"

"மூணும் ஒரே நாள்தான்."

"இதை நோட்டீசுல போட்டிருக்கலாம்" என்றார். குத்திக் காட்டும் குரலில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் அதிகம் உறைத்தது. தாளை மடிக்காமல், பனை ஓலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். "அலமாரி சும்மாதான் இருக்கு. ஒரு அடி இரண்டே கால் அங்குலம், ஆசாரி கறாராட்டு செய்துட்டாரு" என்று சொல்லிவிட்டுப் பஸ்சுக்கு நடந்தார்.

மறு வருஷம் நோட்டீஸை நான் எழுதினேன். யாரும் ஒரு வரியையும் அடிக்கவில்லை. செயலாளரே அச்சகத்துக்குப் போய் மூன்று தேதியும் கிழமையும் இருக்கிறதா என்று பார்த்ததாகக் கேள்வி. கடற்கரைக்கு இரண்டு பிரதி பதிவுத் தபாலில் அனுப்பினேன், கிடைத்ததற்கு ஒப்பம் போட்ட அட்டையும் திரும்பி வந்தது. அவர்களுடைய முதல் ஆட்டத்தன்று நாலு மணியிலிருந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் இரண்டு முறை நின்றது. எங்கள் ஊர்க்காரர்கள்தான் இறங்கினார்கள்.

அரை மணி பொறுத்துவிட்டு, முடிவுப் புத்தகத்தைத் திறந்து, மூன்று தேதியும் போட்டு, அவர்கள் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதினேன். இந்தத் தடவை அதில் பிழை இல்லை.